வாங்கும் முன் ஓட்டிப் பார்க்கலாமா?

வெண்டைக்காய் வாங்கும்போது நுனியை ஒடித்துப் பார்க்கிறோம். மண்பானை வாங்கும்போது விரலால் சுண்டி ஓசையைக் கேட்கிறோம். மாட்டுச் சந்தையில் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பதோடு நிற்காமல், வண்டியில் பூட்டிச் சற்றுத் தூரம் ஓட்டியும் பார்க்கிறார்கள். விலைக்கு வாங்கும் பொருள் எதுவானாலும் சோதித்து வாங்குவது நமக்குப் பரம்பரையாக வந்த குணம். 'ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்று அதற்குப் பழமொழியும் வைத்திருக்கிறோம்.

இந்த நல்ல வழக்கம் சுலபத்தில் செல்லுபடியாகாத ஒரு கடைக்குச் சென்ற கோடை விடுமுறையில் போய் வந்தேன். அங்கே விற்ற சரக்கு மலை ஸைக்கிள். அதாவது, கல்லும் வேரும் நிறைந்த காட்டுப் பாதையில் ஏறுவதற்கும் இறங்குவதற்குமென்றே செய்த வண்டி. நடுத்தரமான ஒன்றின் விலை 5,000 டாலர். நம் கணக்கில் நாலு லக்ஷம் ரூபாய்க்கு மேல் ஆகிறது. உயர்தரமான வண்டிகள் 10,000 டாலரையும் தாண்டுகின்றன. இவ்வளவு விலையுள்ள பொருளை, அது எந்தக் காரியத்துக்காகச் செய்யப்பட்டதோ அந்தக் காரியத்தில் ஒரு தடவையேனும் வைத்துப் பார்க்காமல்தான் பெரும்பாலோர் வாங்குகிறார்கள். ஏன் அப்படி என்பதுதான் இந்த வாரத்து விஷயம்.

ஸைக்கிளில் பள்ளிக்கூடம் போய் வருவதற்கு மேல் எந்தச் சாகசமும் செய்தறியாத எனக்கு இந்த விஷயத்தில் என்ன அக்கறை என்று நேயர்கள் கேட்கலாம். அக்கறை என் தம்பியினால் வந்தது.

அமெரிக்காவில், ஸான்பிரான்ஸிஸ்கோ நகரத்துக்கு வடக்கே கோல்டன் கேட் பாலத்தைத் தாண்டியதும் மாரின் என்னும் ஜில்லா இருக்கிறது. என் தம்பி அங்கே குடியிருக்கிறான். 2021-ம் வருஷம், கொரோனா நோயின் காரணமாக வீட்டில் அடைபட்டுக் கிடந்தவர்கள் எல்லோருக்கும் ஏககாலத்தில் ஸைக்கிள் ஆசை பிறந்து, உலகமெங்கும் ஸைக்கிளுக்குப் பஞ்சம் ஏற்பட்டிருந்தது. கடைகளில் ஓட்டிப் பார்ப்பதற்கு வண்டி கிடையாது, வாங்குவதற்கே கிடையாது. என் தம்பி இன்டர்நெட்டில் ஓர் அளவு அட்டவணையைப் பார்த்தான். அவனுடைய உயரம் இரண்டு அளவுகளுக்கு நடுவே விழுந்தது. பெரிய அளவுதான் கைவசம் இருக்கிறது என்றார்கள். பணத்தைக் கட்டிவிட்டான்.

எட்டாவது மாதம், மலையிலிருந்து இறங்கும்போது ஒரு வளைவில் வண்டி திரும்பவில்லை. தம்பி பாதையை விட்டுக் கீழே போனான். தோளின் காறை எலும்பு முறிந்தது. தகடு வைத்துத் தைத்தார்கள். ஊரில் உள்ள எங்கள் தாயாருக்கு இது தெரியக் கூடாது என்று கையைப் போர்வைக்குள் மறைத்துக் கொண்டு வீடியோவில் பேசினான். இரண்டு நாள் தப்பித்தான். மூன்றாம் நாள், "ஏண்டா, இடது கையால் காப்பி குடிக்கிறாய்?" என்று அம்மா கேட்டுவிட்டாள்.

குற்றம் முழுவதும் ஸைக்கிளுடையது என்று நான் சொல்லவில்லை. அவனுடைய அனுபவக் குறைவும் உண்டு. ஆனால், தன் உடம்புக்குப் பெரிதான வண்டியின் மேல் நீட்டிப் படுத்தாற்போல் உட்கார்ந்து ஓட்டுகிறவனுக்கு, முன் சக்கரத்தின் மேல் போதிய பாரம் விழுவதில்லை. பாரம் விழாத சக்கரம் திரும்பு என்றால் திரும்புவதில்லை. இது பௌதிகம். கடையில் அரை மணி நேரம் மலைப்பாதையில் விட்டிருந்தால் இந்தப் பாடத்தை எலும்பு முறியாமலே கற்றிருப்பான்.

அந்த வண்டியை விற்றுவிட்டு இரண்டு வருஷம் பணம் சேர்த்தான். மறுபடியும் வாங்க வேண்டும் என்ற ஆசையை மட்டும் விடவில்லை. "வாங்குங்கள், வேண்டாமென்று நான் சொல்லவில்லை; ஆனால் மலையில் ஓட்டிப் பார்க்காத வண்டி வீட்டுக்குள் வரக் கூடாது" என்று அவன் மனைவி நிபந்தனை போட்டாள். நான் விமானம் ஏறுவதற்கு முன் அம்மா என்னிடம், "நீ வாத்தியார். நன்றாகப் பரீக்ஷை வைத்துப் பார்த்து வாங்கிக் கொடுத்துவிட்டு வா" என்று உத்தரவு போட்டாள்.

* * *

என் தம்பி குடியிருக்கும் ஜில்லாவே மலை ஸைக்கிள் பிறந்த ஜில்லா என்பது அங்கே போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அங்கே டமல்பையஸ் என்று ஒரு மலை இருக்கிறது. உயரம் 2,571 அடி. 1970-க்குப் பிற்பட்ட வருஷங்களில் அந்தப் பக்கத்து இளைஞர்கள் சிலர், 1930-களிலும் 1940-களிலும் செய்யப்பட்ட பழைய கனத்த ஸைக்கிள்களைத் தேடிப் பிடித்து, அவற்றில் மலைச்சரிவுகளில் இறங்கினார்கள். 1976-ம் வருஷம் அக்டோபர் 21-ந் தேதி, பேர்பாக்ஸ் என்னும் சிற்றூருக்குப் பக்கத்தில் இதைப் பந்தயமாகவே நடத்தினார்கள். இரண்டு மைலுக்கும் குறைவான தூரத்தில் 1,300 அடி இறக்கம். ஒரு தடவை இறங்குவதற்குள் பின் சக்கரத்துப் பிரேக் கொதித்து உள்ளேயிருந்த கிரீஸ் எல்லாம் புகைந்து போகுமாம். ஒவ்வொரு இறக்கத்துக்குப் பிறகும் புதுக் கிரீஸ் அடைக்க வேண்டியிருந்ததால் அந்தப் பந்தயத்துக்கே 'ரீபாக்' என்று பெயர் வந்தது. மறுபடியும் அடைப்பது என்று அர்த்தம்.

பழைய பிரேம்கள் அடி தாங்காமல் போகவே, 1977-ம் வருஷத்தில் ஜோ பிரீஸ் என்பவர் மலைக்கென்றே புதுப் பிரேம் செய்தார். 1979-ல் காரி பிஷரும் சார்லி கெல்லியும் இதற்கென்று ஒரு கம்பெனி ஆரம்பித்தார்கள். 1981-ல் ஸ்பெஷலைஸ்ட் கம்பெனியின் 'ஸ்டம்ப்ஜம்பர்' 750 டாலருக்கு வந்தது. பெருவாரியாகத் தயாராகி விற்பனைக்கு வந்த முதல் மலை ஸைக்கிள் அதுதான் என்பார்கள். பேர்பாக்ஸில் 2015-ல் திறந்த ஸைக்கிள் காட்சிசாலையில் இந்த ஆதிகாலத்து வண்டிகளைப் பார்த்தேன். நமது ஊர்ப் பால்காரர் வண்டிக்குத் தூரத்து உறவு என்று சொல்லலாம்.

அந்த இளைஞர்களுக்கு இன்றைய சிரமம் இருக்கவில்லை. ஒருவன் வண்டியை இன்னொருவன் வாங்கி அதே மலையில் ஓட்டிப் பார்த்தான். செய்தவனும் ஓட்டியவனும் சில சமயம் ஒரே ஆள். செய்கிறவன் ஓரிடத்திலும், விற்கிறவன் ஓரிடத்திலும், மலை வேறோரிடத்திலுமாகப் பிரிந்த பிறகுதான் வம்பு ஆரம்பித்தது.

* * *

நாங்கள் போன கடை விசாலமானது. தரை முகம் பார்க்கலாம் போல் இருந்தது. முதலாளி, ஐம்பது வயது மதிக்கத்தக்கவர், மிகவும் மரியாதையாகப் பேசினார். தம்பியின் உயரத்தையும் கால் நீளத்தையும் அளந்தார். ஒரு வண்டியைக் காட்டி, "ஓட்டிப் பாருங்கள்" என்றார். தம்பி தன் லைஸென்ஸைக் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்தான்.

"எங்கே ஓட்டலாம்?" என்று நான் கேட்டேன்.

"பின்னால் கார் நிறுத்துமிடம் இருக்கிறது. மூன்று சுற்று சுற்றலாம்."

"மலையில்?"

அவர் புன்னகை செய்தார். இந்தக் கேள்வியை அவரிடம் கேட்கும் முதல் மனிதன் நான் அல்ல என்பது அந்தப் புன்னகையிலேயே தெரிந்தது.

தம்பி மூன்று சுற்றுச் சுற்றி வந்தான். முகத்தில் களையில்லை. "அண்ணா, ஹாண்டில் பார் ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து விழுகிறது. கைகளில் பாரம் அதிகம். பழைய வண்டியே தேவலை போலிருக்கிறது" என்றான். முதலாளி வேறொரு வண்டியைக் கொடுத்தார். பழைய மாதிரியில் செய்தது, விலையும் குறைவு. அது சிட்டாய்ப் பறந்தது.

"இதையே எடுத்துக் கொள்ளட்டுமா?" என்று தம்பி கேட்டான். அந்தக் கடைக்காரர் நேர்மையானவர். "கார் நிறுத்துமிடத்தில் ஓட்டுவதற்காக வாங்குகிறீர்கள் என்றால் தாராளமாக எடுத்துக் கொள்ளலாம்" என்றார்.

பிறகு அவர் விளக்கியதுதான் இந்த விஷயத்தின் சாரம். ஸைக்கிளின் முன் போர்க் தரையை நோக்கி எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதற்கு ஒரு கோணம் உண்டு. 1990-களில் அது 71 டிகிரி அளவில் இருந்தது. இன்றைய மலை ஸைக்கிளில் 65 டிகிரி அளவு. அதாவது, முன் சக்கரம் இன்னும் முன்னே நீண்டிருக்கிறது. செங்குத்தான இறக்கத்தில், கல் மேல் சக்கரம் மோதும்போது, இந்தச் சாய்வுதான் மனிதன் தலைகுப்புற விழாமல் காப்பாற்றுகிறது. ஆனால் சமதரையில் மெதுவாக ஓட்டினால் அதே சாய்வினால் ஹாண்டில் பார் துவண்டு விழுவது போல் தோன்றும். ஸீட்டின் நிலையும் அப்படித்தான். ஏற்றத்தில் உடம்பு பின்னால் சரியாமல் இருப்பதற்காக அதை முன்னே தள்ளி வைத்திருக்கிறார்கள். சமதரையில் அதுவே கைகளில் பாரமாக வந்து உட்காருகிறது.

நேயர்கள் இதைச் சற்று நிதானித்து யோசிக்க வேண்டும். சமதரைச் சோதனை மலையைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் இருந்தாலாவது பாதகமில்லை. அது நேர் விரோதமாகச் சொல்லுகிறது! மலைக்கு நல்ல வண்டி சமதரையில் கெட்டதாகத் தோன்றுகிறது. மலைக்கு ஆகாத வண்டி சமதரையில் நல்லதாகத் தோன்றுகிறது. பதம் பார்த்த சோறு வேறொரு பானைச் சோறு.

"அப்படியானால் மலைக்கே கொடுத்தனுப்பினால் என்ன?" என்று கேட்டேன்.

கடைக்காரர் தம் பக்கத்து நியாயத்தைச் சொன்னார். ஒரு தடவை மலையில் போய் வந்த வண்டியைப் புதிது என்று விற்க முடியாது. பெடல் ஒரு கல்லில் உரசினால் போதும், சில நூறு டாலர் விலை இறங்கிவிடும். கரிப் பிரேமில் விரிசல் கண்டால் வண்டியே போயிற்று. ஓட்டுகிறவன் விழுந்தால் வழக்கு, இன்ஷ்யூரன்ஸ். ஒரு மாதிரியில் நாலு அளவு; கம்பெனிக்குப் பத்து மாதிரி. எல்லாவற்றிலும் சோதனைக்கென்று ஒன்று வாங்கி வைத்தால் கடை முதல் முழுவதும் அதிலேயே முடங்கும். வருஷ முடிவில் மாதிரி மாறிவிடும். "போதாக்குறைக்கு, என்னிடம் ஓட்டிப் பார்த்துவிட்டு இன்டர்நெட்டில் நூறு டாலர் குறைவாக வாங்கிக் கொள்கிறவர்களும் இருக்கிறார்கள்" என்று அவர் சொன்னபோது, குரலில் முதல் தடவையாகக் கசப்பு தெரிந்தது.

* * *

வேறு வழி உண்டா? உண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு முள்ளும் உண்டு.

சில கம்பெனிகள் லாரி நிறைய வண்டிகளை ஏற்றிக் கொண்டு மலையடிவாரத்துக்கே வந்து ஒரு நாள் முழுவதும் ஓட்டக் கொடுக்கின்றன. ஆனால் அந்த நாள் நமக்கு லீவாக இருக்க வேண்டும். நம் அளவு வண்டியை நமக்கு முன்னால் ஒருவர் எடுத்துப் போகாமல் இருக்க வேண்டும். யூட்டா மாகாணத்தில் மோவாப் என்னும் ஊரில் 2010-ல் ஆரம்பித்த 'அவுட்டர்பைக்' திருவிழாவில் நுழைவுக் கட்டணம் செலுத்திவிட்டுப் பல கம்பெனிகளின் வண்டிகளை அங்குள்ள பாதைகளிலேயே ஓட்டலாம். ஆனால் மாரினிலிருந்து மோவாபுக்குப் போகச் செலவாகும் பணத்தையும் ஸைக்கிள் விலையில் சேர்த்துக் கொள்ள வேண்டும். ஜெர்மனி தேசத்துக் கான்யன் போன்ற கம்பெனிகள் நடுவே கடைக்காரர் இல்லாமல் நேரே வீட்டுக்குப் பெட்டியில் அனுப்புகின்றன. விலை சகாயந்தான். ஆனால் வாங்குவது முதலில், ஓட்டிப் பார்ப்பது பிறகு என்று ஆகிவிடுகிறது.

எஞ்சியது வாடகை. எங்கள் கடைக்காரரிடம் வாடகைக்கென்று சில வண்டிகள் இருந்தன. ஒரு நாளைக்கு 120 டாலர். பிறகு அந்தக் கடையிலேயே வாங்கினால் அந்தத் தொகையை விலையில் கழித்துக் கொள்வதாகச் சொன்னார். தம்பிக்கு மனசில்லை. "வெறுமனே பார்ப்பதற்கு 120 டாலரா?" என்று தயங்கினான். காறை எலும்பில் தகடு வைக்க எவ்வளவு செலவாயிற்று என்று நான் கேட்டேன். உடனே பர்ஸை எடுத்தான்.

அவன் விரும்பிய மாதிரி வண்டி வாடகைக்கு இல்லை. ஆனால் ஏறக்குறைய அதே கோணங்கள் உள்ள வேறொன்று, பழைய வண்டியைவிட ஓர் அளவு சிறியது, இருந்தது. மறுநாள் காலையில் அதை எடுத்துக் கொண்டு ஸான் ரபேல் ஊருக்குப் பக்கத்தில் உள்ள சைனா காம்ப் வனத்துக்குப் போனோம். டமல்பையஸ் மலையில் ஸைக்கிளுக்குப் பெரும்பாலும் தீயணைப்பு வண்டி போகும் அகலப் பாதைகளில்தான் அனுமதி. குறுகிய பாதைகளில் ஓட்டுவது பற்றி அங்கே வெகு காலமாகச் சச்சரவு. பிறந்த வீட்டிலேயே வண்டிக்கு இந்தக் கதி! சைனா காம்பில் குறுகிய பாதைகளிலும் ஓட்டலாம்.

நான் கடற்காற்று வாங்கிக் கொண்டு பாதையோரத்தில் உட்கார்ந்திருந்தேன். தம்பி முதல் சுற்று முடித்து வந்தான். முகம் முன் தினத்தைவிட மோசமாக இருந்தது. "கல் ஒவ்வொன்றும் முதுகெலும்பில் வந்து அடிக்கிறது. வளைவில் டயர் வழுக்குகிறது. இது வேண்டாம்" என்றான்.

அங்கேதான் நாங்கள் ஏறக்குறைய ஒரு பெரிய தவறு செய்துவிடப் பார்த்தோம். நல்லவேளையாகக் கடைக்காரர் வண்டியோடு ஒரு சின்னப் பம்பையும் கொடுத்து, "முதல் சுற்றை நம்பாதீர்கள்" என்று சொல்லியனுப்பியிருந்தார். மலை ஸைக்கிளின் அதிர்வு தாங்கி பெரும்பாலும் காற்றின் பலத்தால் வேலை செய்வது. ஓட்டுகிறவன் ஏறி அமர்ந்ததும் பின் தாங்கி தன் முழு அசைவில் 25 முதல் 30 சதவிகிதம் இறங்கியிருக்க வேண்டும். தம்பி ஒல்லி. முதல் நாள் வாடகைக்கு எடுத்தவர் நல்ல ஆகிருதி உள்ளவராக இருந்திருப்பார் போலும். தாங்கி 10 சதவிகிதங்கூட இறங்கவில்லை. டயரிலும் காற்று கல்லாக இருந்தது. இரண்டிலும் காற்றைக் குறைத்து, டயரை 23 பவுண்டுக்குக் கொண்டு வந்தோம்.

இரண்டாம் சுற்று முடிந்து வந்தவன் ஒன்றுமே சொல்லவில்லை. தண்ணீர் குடித்தான். மறுபடியும் ஏறிப் போனான். மூன்றாம் சுற்றில், நான் உட்கார்ந்திருந்த இடத்துக்கு மேலே ஒரு வளைவில் அவன் வருவதைப் பார்த்தேன். எலும்பு முறிந்த நாளிலிருந்து இடது பக்கம் திரும்பும் வளைவு என்றால் அவனுக்கு உடம்பு கூசும் என்று அவன் மனைவி சொல்லியிருந்தாள். அது இடது வளைவு. அவன் பிரேக்கைத் தொடவில்லை.

* * *

இருபது வருஷமாகப் பரீக்ஷைத் தாள் திருத்துகிறவன் நான். அன்று அந்தப் பாதையோரத்தில் உட்கார்ந்திருந்தபோது சிறிது வெட்கமாக இருந்தது. நாமும் பிள்ளைகளைக் கார் நிறுத்துமிடத்தில்தானே மூன்று சுற்றுச் சுற்றச் சொல்லி மார்க்குப் போடுகிறோம்? மண்டபத்தில் மந்தமாகத் தோன்றிய பையன் வெளியே மலையேறினதையும், சிட்டாய்ப் பறந்தவன் முதல் கல்லிலேயே விழுந்ததையும் நான் அறிவேன். முதல் சுற்றில் சரியாக ஓடாத எத்தனை பேருக்கு நான் காற்றைச் சரிபார்த்தேன்?

அது நிற்க. விலையுயர்ந்த மலை ஸைக்கிள் வாங்க நினைக்கும் நேயர்கள் யாரேனும் இருந்தால், ஒரு வாத்தியார் கற்ற பாடத்தைக் கேளுங்கள். கடை வாசலில் ஓட்டிப் பார்ப்பது, அளவு பொருந்துகிறதா, பிரேக் பிடிக்கிறதா, கியர் மாறுகிறதா என்று அறிவதற்கு மட்டுமே உதவும். குணத்தை அறிய உதவாது. வாடகை கொடுத்தாவது, நீங்கள் வழக்கமாக ஓட்டப் போகும் பாதையில் ஓட்டுங்கள். உங்கள் எடைக்குத் தகுந்தபடி தாங்கியையும் டயரையும் சரி செய்து கொள்ளாமல் தீர்ப்புச் சொல்லாதீர்கள். இரண்டு வண்டிகளுக்குள் போட்டி என்றால், ஒரே நாளில், ஒரே பாதையில், ஒரே காற்றில் ஓட்டுங்கள். விரும்பிய மாதிரி கிடைக்காவிட்டால் அதன் கோணமும் நீளமும் உள்ள வேறொன்றை ஓட்டி, முதலில் உங்கள் அளவையாவது நிச்சயம் செய்து கொள்ளுங்கள். கடைசியாக ஒன்று: எந்தக் கடைக்காரர் உங்களுக்கு மலையைக் காட்டினாரோ, அவரிடமே வாங்குங்கள். அவருடைய பெடலில் விழுந்த கீறலுக்கு நீங்களும் கடன்பட்டவர்.

தம்பி அந்தக் கடையிலேயே வாங்கினான். ஆரம்பத்தில் மனத்தில் வைத்திருந்ததைவிட 900 டாலர் விலை குறைந்த வண்டி; அளவு, சிறியது. வாடகை 120 டாலரையும் கடைக்காரர் சொன்னபடி கழித்துக் கொடுத்தார்.

அன்றிரவு அம்மா வீடியோவில் வந்தாள். "பரீக்ஷை வைத்தாயா? எத்தனை மார்க்கு?" என்று கேட்டாள்.

"பாஸ்" என்றேன். மார்க்குப் போடவில்லை. கோடைக்காலத்து உலர்ந்த பாதையில்தான் ஓட்டிப் பார்த்திருக்கிறோம். அந்தப் பக்கத்தில் குளிர்காலத்தில் மழை பெய்து பாதையெல்லாம் சேறாகும். அதற்குள் என் விடுமுறை முடிந்துவிட்டது.